யாருனா போய்ச் சொல்லியிருக்கணும்

2002 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் அத்தியாயம் வந்தது. ‘ஃபியூச்சராமா’ என்ற தொடர். மாட் க்ரோனிங் உருவாக்கியது, 1999 மார்ச்சில் தொடங்கியது. நியூயார்க்கில் வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் ஃப்ரை என்ற இளைஞன், 1999 டிசம்பர் 31 நள்ளிரவில், மனிதர்களை உறையவைத்துப் பாதுகாக்கும் ஒரு கூடத்துக்குப் பீட்சாவோடு போகிறான். போன இடத்தில் குழாய் ஒன்றுக்குள் விழுந்து உறைந்துபோகிறான். ஆயிரம் ஆண்டு கழித்துக் கண் விழிக்கிறான். அந்த உலகத்திலும் அவனுக்குக் கிடைப்பது அதே மாதிரி வேலைதான்: விண்கப்பலில் கிரகம் கிரகமாகப் போய்ப் பார்சல் கொடுப்பது. விண்வெளிச் சாகசமும் சிரிப்புமாக நகரும் தொடர் அது. அந்த நவம்பர் அத்தியாயம் மட்டும் அப்படி முடியவில்லை.

ஃப்ரை ஒருநாள் அருங்காட்சியகத்துக்குப் போகிறான். தான் வேலை பார்த்த பீட்சா கடையையே தோண்டியெடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்குள் கல்லாகிப்போன நாய் ஒன்று. அவன் வளர்த்த சீமோர். போராடி அதை வாங்கிக்கொண்டு வருகிறான். அவன் வேலை பார்க்கும் பார்சல் கம்பெனியை நடத்தும் பேராசிரியரால் அந்தக் கல்லிலிருந்து நாயை அதன் நினைவுகளோடு எழுப்ப முடியும். எல்லாம் தயாரான நேரத்தில் இயந்திரம் ஒரு தகவல் சொல்கிறது: இறக்கும்போது நாய்க்கு வயது 15. ஃப்ரை காணாமல் போனபோது அதற்கு வயது 3. அவன் கணக்குப் போடுகிறான். நான் போனபிறகு பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறது. வேறு யாரோ வளர்த்திருப்பார்கள். என்னை எப்போதோ மறந்திருக்கும். நிறைவாக வாழ்ந்து முடித்த ஓர் உயிரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். இயந்திரத்தை நிறுத்திவிடுகிறான்.

அவன் பார்க்க முடியாததை அடுத்த நிமிடத்தில் நமக்குக் காட்டுகிறார்கள். பீட்சா கடை வாசலில் சீமோர் உட்கார்ந்திருக்கிறது. இங்கேயே இரு என்று அவன் சொல்லிவிட்டுப் போன இடம் அது. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, இலை உதிர்கிறது, பனி கொட்டுகிறது. கடைக்காரர் கிழவராகிறார். நாய் நரைக்கிறது. கடைசியில் படுத்துக் கண்ணை மூடுகிறது. பின்னணியில் ஒரு பழைய காதல் பாட்டு. அவ்வளவுதான் அத்தியாயம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னமும் இந்தத் தொடரை விரும்புகிறவர்களிடம் பேசினால், மற்ற அத்தியாயங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்போம், இதை மட்டும் தாண்டிப் போய்விடுவோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. சிரிக்க உட்கார்ந்தவனை அழவைத்து அனுப்பினால் அது மோசடிதானே என்பது அவர்கள் வாதம். எம்மி விருதுக்கு இந்த அத்தியாயம் போட்டியிட்டது. விருது வேறு தொடருக்குப் போனது. எழுதியவர்கள் முதலில் கல்லாகிப்போனது ஃப்ரையின் அம்மா என்றுதான் யோசித்தார்களாம். பார்ப்பவர்கள் தாங்கமாட்டார்கள் என்று நாயாக மாற்றியிருக்கிறார்கள். நாயென்றால் தாங்கிக்கொள்வார்கள் என்று போட்ட கணக்கு பலிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு மனிதர்கள்மேல் ஒரு நம்பிக்கை வருகிறது.

நான் இதைப் பார்த்தது அமெரிக்காவிலும் இல்லை, 2002இலும் இல்லை. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸில், பெரியப்பா வீட்டில், சில வருடங்களுக்கு முன்னால். மைன்ஸ்காரர்களுக்கு வரிசை வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் ஒன்று அது. கோடை விடுமுறை. அண்ணன் மகன் தன் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து இந்தத் தொடரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா பக்கத்தில் நாற்காலியில். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. பேரன் நடுநடுவே கதை சொல்லிக்கொண்டே வந்தான். விண்கப்பலும் ரோபோவும் வந்தவரை அவர் பாதிக் கவனத்தோடுதான் இருந்தார். நாய் வந்த பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். கடைசிக் காட்சியில் பையன் அழுதுவிட்டான். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அண்ணி, “பொம்மப் படத்துக்குப் போய் அழுவுறியாடா” என்றாள்.

பெரியப்பா அழவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது. “யாருனா போயி அதுக்கிட்ட சொல்லி இருக்கணும்டா” என்றார்.

“நாய்க்கிட்ட எப்படித் தாத்தா சொல்றது? அதுக்குப் புரியுமா?”

“பக்கத்துல போயி குந்திகினா புரியும்.”

அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். இப்படி யாரும் சொன்னதில்லை. எல்லாரும் அந்தக் காத்திருப்பைக் கொடுமை என்றார்கள். பெரியப்பா காத்திருந்ததைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருப்பவரிடம் ஒருவரும் வந்து விஷயத்தைச் சொல்லாமல் விட்டதுதான் அவருக்குக் குற்றமாகத் தெரிந்தது. இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் கிட்டத்தட்ட 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. உலகத்தின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்று. ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டான கேஜ் ஒன்றிலேயே அடிவரை போய்விட முடியாது. பாதியில் இறங்கி வேறு ஷாப்டுக்கு, அதாவது வேறு செங்குத்துக் குழிக்கு, மாறி மறுபடி இறங்க வேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த ஆழத்தில் பாறைக்குள் அடைந்திருக்கும் அழுத்தம் சில நேரம் திடீரென்று வெடித்துக் கிளம்பும். ராக் பர்ஸ்ட். கீழே அது நடந்தால் மேலே தரை குலுங்கும். வீட்டுப் பரணில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும். சமைத்துக்கொண்டிருக்கிற பெண் உடனே கணக்குப் போடுவாள்: இன்றைக்கு அவர் எந்த ஷிப்ட், எந்த லெவல். அப்புறம் ஷாப்டை நோக்கி நடை. அங்கே போய் நின்றுகொள்வதைத் தவிர அவளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கேஜ் மேலே வரும், கதவு திறக்கும், முகங்களைப் பார்க்க வேண்டும்.

பெரியம்மா அப்படி நின்றிருக்கிறார். அவருடைய அம்மா நின்றிருக்கிறார். அந்த நிற்றலைப் பற்றி அவர்கள் எங்களிடம் சொன்ன கதைகளில் பயத்தைவிட அதிகமாக வருவது இன்னொன்று: சொல்ல வந்த ஆள். கீழே கூட வேலை செய்தவன், தூசியும் வியர்வையுமாக மேலே வந்து, தன் வீட்டுக்குப் போகாமல், முதலில் அந்த வீட்டுக்குப் போவான். நல்ல சேதியோ கெட்ட சேதியோ அவன் வாயால்தான் வரவேண்டும். கம்பெனி ஆள் வந்து சொல்வதற்கு முன்னால் அவன் போய்விட வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் போகாதவனைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவார்கள். பெரியப்பாவும் அப்படிச் சில வாசல்களில் போய் நின்றவர்தான். என்ன சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஒண்ணும் சொல்லல, போயி குந்தினேன், அவங்களுக்கே தெரிஞ்சிடும் என்றார். பேரனுக்கு அவர் சொன்ன பதில் அங்கிருந்து வந்தது.

ஊரைப் பற்றி இன்னொரு விஷயமும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. காத்திருப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் தேடிவந்த இடம் இது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, எங்கள் சுரங்கத்தில் தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டரில் கருவிகளை வைத்தன. விண்வெளியிலிருந்து பாயும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோ, பூமியையே ஊடுருவிப் போகக்கூடியது. மற்ற கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிடும் ஆழத்தில் உட்கார்ந்திருந்தால்தான் அது தட்டுப்படும். 1965இல் தட்டுப்பட்டது. வளிமண்டல நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று தங்கவயல். பிறகு 1980களில் 140 டன் கருவி ஒன்றை வைத்து, புரோட்டான் என்றாவது தானாகச் சிதையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகத்துக்கு இடமான சில தடயங்கள் கிடைத்தன. மற்ற நாடுகளில் நடந்த பெரிய பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எதிர்பார்த்தது வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதை அந்தப் பெரிய பரிசோதனைகளைச் செய்தவர்கள் உலகத்துக்குச் சொன்னார்கள், எவ்வளவு காலம் பார்த்தோம், எவ்வளவு நிச்சயமாக வரவில்லை என்று எண்களோடு சொன்னார்கள். அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த பழக்கம் இது. வராததையும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவது.

சொல்லாமல் விட்டதற்கும் விண்வெளியிலேயே உதாரணம் இருக்கிறது. 1957 நவம்பர் 3ஆம் தேதி சோவியத் ஒன்றியம் லைகா என்ற தெருநாயை ஸ்புட்னிக் 2இல் வைத்து அனுப்பியது. திரும்பி வரும் ஏற்பாடே கிடையாது. அது சில நாட்கள் உயிரோடிருந்து வலியில்லாமல் இறந்தது என்று உலகம் நம்பவைக்கப்பட்டது. புறப்பட்ட சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டது என்ற உண்மை 2002 அக்டோபரில்தான் வெளியே வந்தது. 45 ஆண்டுகள். அடுத்த மாதம் சீமோரின் கதை ஒளிபரப்பானது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஃப்ரைக்கு வருகிறேன். அந்தக் கதையில் என்னைப் பிடித்து உலுக்கியவன் அவன்தான். சீமோருக்காக அழுகிறவர்களும் எழுத்தாளர்மேல் கோபப்படுகிறவர்களும் ஃப்ரையை மட்டும் குற்றம் சொல்லிக் கேட்டதில்லை. அவன் நல்லவன்தான். தன் ஆசைக்காக ஒரு ஜீவனைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டவன். என்னை யார் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று தன்னைச் சிறியவனாக எண்ணியவன். நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அடக்கம் இதுதானே?

அந்த அடக்கத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி எங்கள் சுரங்கங்களை மூடினார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கி, பிறகு மைசூர் அரசு எடுத்து, பிறகு மத்திய அரசு எடுத்து, பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாகி, நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் கொடுத்த இடம். பம்புகள் நின்றன. கீழே தண்ணீர் ஏறியது. ஊர் ரயிலேறியது. ஆங்கிலோ-இந்தியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகத் தொடங்கியிருந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழர்கள் பெரும்பாலும் தலித் குடும்பத்தினர்; அவர்களில் சிலர் பூர்வீக ஊருக்கே திரும்பினார்கள். மிச்சமுள்ளவர்களில் உழைக்கும் வயதிலிருப்பவர்கள் விடியுமுன்னே மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். நானும் அந்த ரயிலில் போய்வந்து, பிறகு பெங்களூரிலேயே தங்கிவிட்டவள்.

ஊரைவிட்டு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது பேச்சு எப்படியும் பழைய ஆட்களிடம் போய்விடும். அந்த டீச்சர் எப்படி இருக்காங்களோ. அந்த நர்ஸ் அக்கா, அந்தக் கடைக்காரர், நமக்குப் புட்பால் சொல்லிக்கொடுத்த அண்ணன். போய்ப் பார்க்கலாமே என்றால் உடனே ஒரு பதில் வரும்: “நம்மள எங்க ஞாபகம் இருக்கப் போவுது.” சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அகம்பாவம் இல்லாதவர்கள். அதனால்தான் அந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அது பணிவாகவும் இருக்கிறது, பயணச் செலவையும் மிச்சப்படுத்துகிறது.

இந்தப் பணிவில் ஒரு திமிர் ஒளிந்திருப்பதாக நான் நினைக்கிறேன். இன்னொருவருடைய மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவரைக் கேட்காமலே தீர்மானித்துவிடுகிறோம். அவருடைய பன்னிரண்டு வருடத்தை நாமே ஒரு வரியில் எழுதி மூடிவிடுகிறோம்: நிம்மதியாக இருந்திருப்பார், மறந்திருப்பார். அந்த வரி அவருக்கு ஆறுதலாக எழுதப்பட்டதுபோல் தெரிகிறது. எழுதிக்கொண்டது நம் தூக்கத்துக்காக. ஃப்ரை இயந்திரத்தை நிறுத்தும் இடத்தில் அவன் அன்பைச் சந்தேகிக்க முடியாது. ஆனால் அந்த அன்பு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நாயை எழுப்பியிருந்தால் நாயே பதில் சொல்லியிருக்கும்.

இதே தொடரில் 2001 மார்ச்சில், எங்கள் மைன்ஸ் மூடிய அடுத்த மாதம், இன்னோர் அத்தியாயம் வந்தது. தன் அண்ணன் தன்னுடைய பெயரையும் அதிர்ஷ்டத்தையும் திருடிக்கொண்டான் என்று ஃப்ரை நம்புகிறான். கல்லறையைத் தேடிப் போகிறான். அங்கே போய்க் கல்வெட்டைப் படித்தபிறகுதான் தெரிகிறது: காணாமல்போன தம்பியின் நினைவாக அண்ணன் தன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறான். கோபத்தோடு போனவனுக்கு உண்மை கிடைத்தது. பெருந்தன்மையோடு ஒதுங்கிக்கொண்டவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எழுதியவர்கள் ஒன்றைப் பிடித்துவைத்திருப்பது தெரியும். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, நேரில் போனவன் தெரிந்துகொண்டான்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தங்கவயலைச் சீமோரோடு ஒப்பிடவே மாட்டேன். அப்படி ஒப்பிட்டுக் கண்ணீர் விடுகிற எழுத்துகளைப் படித்திருக்கிறேன். எனக்கு அவை பிடிக்காது. ஊரில் இருப்பவர்கள் வாசலில் உட்கார்ந்து வழிபார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்குக் கோயில் திருவிழா இருக்கிறது, சர்ச்சில் பாட்டு இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, கோர்ட்டில் வழக்கு இருக்கிறது. தங்கள் வீட்டுக்குப் பட்டா கேட்டும், பாக்கிப் பணம் கேட்டும் அவர்கள் ஏறாத படியில்லை. 2013இல் உச்சநீதிமன்றம் சுரங்கங்களுக்கான உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டபோது ஊரே பேசியது. 2024இல் மண்மேடுகளில், அதாவது தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிக் குவித்த சயனைடு குன்றுகளில், மறுபடி வேலை தொடங்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மறுபடி பேசியது. 13 குன்றுகள் இருக்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி எங்கள் வீட்டுச் சோற்றில் விழும். கேட்டுக்கொண்டே இருக்கிற ஊரைக் காத்திருக்கிற ஊர் என்று சொல்வது தவறு. கதையில் எங்களுக்குப் பொருந்துகிற ஆள் யாராவது உண்டென்றால் அது வெளியே போன நாங்கள்தான். ஃப்ரை எங்களுக்குப் பொருந்துகிறான்.

அரசுக்கும் அவன் பொருந்துகிறான் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு வருடத்தில் அவர்கள் வேறு பிழைப்புப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பழகியிருப்பார்கள் என்று ஒரு கோப்பு நினைத்துக்கொள்வதும் இதே கணக்குத்தான். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் ஓர் ஆள் வந்து சொல்லியிருக்கலாம். பெரியப்பா கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன், நாயைச் சாக்கிட்டு.

தொடரைப் பற்றி ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. 2003இல் அதை நிறுத்திவிட்டார்கள். மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டும் டிவிடிகளை வாங்கிக்கொண்டும் இருந்த பார்வையாளர்களால் 2007இல் அது திரும்பி வந்தது, நேரடியாக டிவிடியில் வெளியான ஒரு படமாக. அதில் காலப்பயணத்தால் ஃப்ரையின் இன்னொரு பிரதி 2000ஆம் ஆண்டுக்கே போய்விடுகிறது. அந்த ஃப்ரை சீமோரோடு பல வருடங்கள் வாழ்கிறான். ஆக, நாய் தனியாக இருக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து எழுத்தாளர்கள் தாங்களே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள்.

இதைப் பார்வையாளர்களில் ஒரு சாரார் ஏற்கவில்லை. முதல் முடிவின் உண்மையை இது கெடுத்துவிட்டது, ரசிகர்களைச் சமாதானப்படுத்தச் செய்த ஒட்டுவேலை என்கிறார்கள். கலை என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். முதல் அத்தியாயத்தின் கடைசி நிமிடத்துக்கு இருக்கும் கனம் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. இருந்தும் நான் படத்தின் பக்கம்தான் நிற்கிறேன். துயரமான முடிவுதான் நேர்மையானது என்று சொல்வது, ஷாப்ட் வாசலில் நின்று பழகாதவர்களுக்குச் சுலபம். அங்கே நின்றவர்களுக்கு, கேஜ் கதவு திறந்து அந்த முகம் வெளியே வந்த நாட்களும் உண்டு. பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். அந்த நாட்களை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

அண்ணன் மகன் அந்தப் படத்தையும் தேடிப்பிடித்துத் தாத்தாவுக்குக் காட்டினான். அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: “கடசி வரிக்கும் கூட இருந்தானா?” இருந்தான் என்று பையன் சொன்னான். சரி என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் பெரியப்பாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. பெரியப்பாவோடு கீழே செட்டாக வேலை பார்த்த ஒருவர், மைன்ஸ் மூடிய பிறகு குடியாத்தம் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர். வீட்டில் அவர் பேச்சு வரும்போதெல்லாம், அவன் என்னை எங்கே நினைக்கப் போகிறான் என்று பெரியப்பா முடித்துவிடுவார். இப்போது அவர் நம்பர் வேண்டும் என்றார். நான் குடியாத்தத்தில் தெரிந்தவர்களைப் பிடித்து, அவர்கள் வேறு யாரையோ பிடித்து, நம்பர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நானே போட்டுக் கொடுத்தேன். இருவருக்கும் காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில்.

பெரியப்பா தன் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் யாரு என்று கேட்டார்கள். மறுபடி சொன்னார். தெரியவில்லை. சாம்பியன் ரீஃப் என்றார். “சாம்பியன்ல எத்தினி பேரு இருந்தோம், நீ எந்த லெவலு?” லெவல் சொன்னார், ஷிப்ட் சொன்னார், மேஸ்திரி பெயரைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இன்னமும் பிடிபடவில்லை. நான் போனை வாங்கிவிடலாமா என்று தவித்தேன். கடைசியில், ஒரு மழைநாளில் கேஜ் பாதியில் நின்றுபோய் இருவரும் இருட்டில் மாட்டிக்கொண்ட கதையைப் பெரியப்பா சொன்னபோது, “ஏ, அது நீதானா?” என்று சத்தம் வந்தது. அதற்கப்புறம் யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று தெரியாத அளவுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி வரவேண்டும், யார் யார் போய்ச் சேர்ந்தார்கள், யாருக்கு மூச்சு இரைப்பு. கைப்பேசியில் சார்ஜ் தீரும்வரை.

“மறந்துதான் பூட்டு இருக்கான்” என்றார் பெரியப்பா. அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அந்த நம்பரை நாட்காட்டியின் பின்பக்கத்தில், கண்ணாடி இல்லாமலே தெரிகிற மாதிரி, பெரிய பெரிய எழுத்தில் எழுதித்தரச் சொன்னார்.